சிங்களத்தில் எழுதிய முறைப்பாட்டில் கையெழுத்துப் போட்டாயிற்று, இனி என்ன செய்யலாம்?

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். கொழும்பில் வாடகைக்கு இருக்கும் உங்கள் அக்காவை, தண்ணீர் மோட்டர் விஷயமாக வந்த வாய்த்தர்க்கத்தில் கீழ்வீட்டுக்காரர் தள்ளி விழுத்தியிருக்கிறார். மணிக்கட்டு வீங்கிவிட்டது. அன்றிரவே பொலிசுக்குப் போயிருக்கிறார். அங்கிருந்த உத்தியோகத்தர் அரைகுறைத் தமிழில் விசாரித்து, சிங்களத்தில் எழுதி, கையெழுத்து வாங்கியிருக்கிறார். இரண்டு கிழமை கழித்து என்ன நடந்தது என்று கேட்கப் போனால், "நீங்கள்தானே வழக்கு வேண்டாம் என்றீர்கள்" என்று பதில். பிரதியை எடுத்துச் சிங்களம் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து வாசித்தபோது, கடைசி வரியில் "இப்போதைக்கு வழக்குத் தேவையில்லை, எச்சரித்து விட்டால் போதும்" என்று இருக்கிறது. தான் அப்படிச் சொல்லவே இல்லை என்கிறார் அக்கா. தமிழில் எழுதச் சொல்ல அவருக்கு உரிமை இருந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அதைவிட, கையெழுத்து வைத்ததோடு எல்லாம் முடிந்துபோனதா என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டியது என்று நினைக்கிறேன். உரிமை இருந்தது. எதுவும் முடிந்துவிடவும் இல்லை. ஆனால் ஒரு காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கிறது, அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நான் புதுக்கடை நீதவான் நீதிமன்றங்களில் பல வருடமாக வழக்காடும் சட்டத்தரணி. உங்கள் அக்காவின் முறைப்பாட்டை நான் பார்க்கவில்லை, கீழ்வீட்டுக்காரர் என்ன சொல்லியிருக்கிறார் என்பதும் தெரியாது. ஆகவே கீழே சொல்வதில் சட்டம் தொடர்பான பகுதியை நம்பி எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வழக்கு எப்படிப் போகும் என்பதை மட்டும், ஆவணங்களை நேரில் பார்க்கும் ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் மொழி. இதற்கு அரசியலமைப்பு வரை போக வேண்டிய தேவையே இல்லை. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை என்று ஒன்று இருக்கிறது. பொலிஸ் நிலையத்தில் தினமும் நடக்கும் வேலை எல்லாம் அந்தச் சட்டத்தின்படிதான் நடக்க வேண்டும். அதன் 109 ஆம் பிரிவு முதல் முறைப்பாட்டைப் பற்றியது. ஒருவர் வாயால் சொல்லும் முறைப்பாட்டை, முறைப்பாட்டாளரின் மொழியிலேயே எழுதி, அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்கிறது அது. அந்த மொழியில் எழுத உத்தியோகத்தரால் முடியாவிட்டால், "நீங்களே உங்கள் மொழியில் எழுதித் தாருங்கள்" என்று அவர்தான் கேட்க வேண்டும். எழுதித் தர முடியாது என்று முறைப்பாட்டாளர் சொன்ன பிறகுதான் வேறு தேசிய மொழியில் எழுதலாம். அப்போதும் ஏன் அப்படி எழுதுகிறேன் என்ற காரணத்தைப் பதிந்து, எழுதியதை அவருக்கு விளங்கும் மொழியில் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் கையெழுத்து.

இந்த ஒழுங்கை நன்றாகக் கவனியுங்கள். உங்கள் அக்கா தமிழ் எழுதத் தெரிந்தவர். "எழுதித் தாருங்கள்" என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை என்றால், சிங்களத்தில் எழுதியதே நடைமுறைப் பிழை. எழுதியதைத் தமிழில் விளங்கப்படுத்தவில்லை என்றால் அது இரண்டாவது பிழை. பிரதி கையில் இருக்கிறது என்றீர்களே, அதில் சிங்களத்தில் எழுதியதற்கான காரணம் எங்காவது இருக்கிறதா என்று மறுபடியும் வாசிக்கச் சொல்லுங்கள். நான் பார்த்த பல பிரதிகளில் அந்த இடம் வெறுமையாகத்தான் இருக்கும், அல்லது "வாசித்து விளங்கப்படுத்தப்பட்டது, சரி என ஏற்றுக்கொண்டார்" என்ற வழமையான ஒற்றை வசனம் இருக்கும். அந்த வசனம் இருந்தாலும் பயப்பட வேண்டாம். எல்லா முறைப்பாட்டின் அடியிலும் பழக்கத்தில் எழுதுவதுதான் அது.

"இது கொழும்பு, இங்கே சிங்களத்தில்தான் எழுதுவோம்" என்று யாராவது சொன்னால், அதில் பாதி உண்மை. வடக்கு கிழக்குக்கு வெளியே அரச பதிவேடுகள் சிங்களத்தில் பேணப்படும் என்று அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை சொல்கிறது. அதே உறுப்புரையின் இரண்டாம் பகுதிதான் மற்றப் பாதி. சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள இடத்திலும் ஒரு சாதாரண ஆள் எந்த அரச உத்தியோகத்தருடனும் தமிழிலோ ஆங்கிலத்திலோ தொடர்பு கொள்ளலாம், கடிதம் பெறலாம், அலுவல் பார்க்கலாம். 1987 இல் 13 ஆம் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியானது. அடுத்த வருடம் 16 ஆம் திருத்தம் இந்த விபரங்களைச் சேர்த்தது. சட்டத்தில் எழுதப்பட்டிருப்பதில் குறை சொல்ல அதிகம் இல்லை. இரவு ஒன்பது மணிக்குக் கடமையில் இருக்கும் உத்தியோகத்தருக்குத் தமிழ் எழுத வராது, அங்கேதான் எல்லாம் நிற்கிறது. அவரைக் கெட்டவராக நினைக்கவும் தேவையில்லை. வரிசையில் இன்னும் பத்துப் பேர் நிற்பார்கள், அவர் சுருக்கி எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார். அந்தக் கடைசி வரி அவசரத்தில் வந்ததா, வேண்டுமென்றே போட்டதா என்று தூரத்தில் இருந்து என்னால் சொல்ல முடியாது. அயலவர் சண்டை என்றாலே "எச்சரித்து விட்டால் போதும்" என்று முடிக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு, அதை மட்டும் சொல்லலாம்.

இனிக் கையெழுத்து. பத்திரம் ஒன்றில் வைக்கும் கையெழுத்தைப் போல இதை நினைத்துப் பலர் பயப்படுகிறார்கள். பொலிஸ் முறைப்பாடு உங்களைக் கட்டிப்போடும் ஒப்பந்தம் கிடையாது. அதில் இருப்பது முழுவதும் உண்மை என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்வதும் இல்லை. நீங்கள் சாட்சிக் கூண்டில் ஏறிச் சொல்வதுதான் சாட்சியம். முறைப்பாடு அந்தச் சாட்சியத்துக்கு உறுதி சேர்க்கவோ, அதோடு முரண்படுகிறது என்று காட்டவோ பயன்படும். ஆபத்து இருப்பது அந்த இரண்டாவது உபயோகத்தில். ஒன்றரை வருடம் கழித்து வழக்கு விளங்கும்போது எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழும்பி, "எச்சரித்தால் போதும் என்று நீங்கள் அன்று பொலிசில் சொன்னீர்களா இல்லையா" என்று கேட்பார். அந்த நேரத்தில் "எனக்குச் சிங்களம் தெரியாது, வாசித்துக் காட்டவில்லை" என்று முதல் தடவையாகச் சொன்னால், யோசித்து வந்து சொல்லும் சாட்டுப் போலத்தான் கேட்கும். அதையே இன்றைக்கே எழுத்தில் சொல்லி வைத்திருந்தால் அந்தக் கேள்விக்குப் பெரிய வலு இராது. நீதவான் அதை எவ்வளவு தூரம் ஏற்பார் என்பது அக்கா சாட்சி சொல்லும் விதத்தையும் பொறுத்தது. ஆனால் இரண்டு கிழமைக்குள் திருத்தியவருக்கும் இரண்டு வருடம் கழித்துத் திருத்துபவருக்கும் உள்ள வித்தியாசத்தை எந்த நீதிமன்றமும் பார்க்கும்.

ஆகவே முதல் வேலை, மேலதிக வாக்குமூலம். அதே பொலிஸ் நிலையத்துக்குப் போய், முன்பு கொடுத்த முறைப்பாடு தொடர்பாக மேலதிகமாகச் சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். போவதற்கு முதல் வீட்டிலேயே தமிழில் எழுதிக்கொண்டு போகச் சொல்லுங்கள். பொறுப்பதிகாரிக்கு என்று தலைப்பிட்டு, முறைப்பாட்டின் திகதியையும் இலக்கத்தையும் குறிப்பிட்டு, நாலு விஷயம் எழுதினால் போதும்: நான் தமிழில்தான் சொன்னேன், சிங்களம் வாசிக்கத் தெரியாது. எழுதியது எனக்குத் தமிழில் விளங்கப்படுத்தப்படவில்லை. கடைசியில் உள்ள இன்ன வசனத்தை நான் சொல்லவில்லை. எனக்கு ஏற்பட்ட காயம் தொடர்பாகச் சட்ட நடவடிக்கை எடுக்கும்படி கேட்கிறேன். அதற்குக் கீழே, அன்று நடந்ததை நேர ஒழுங்கில் ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல் எழுதட்டும். உத்தியோகத்தரைத் திட்டி ஒரு வசனமும் அதில் வேண்டாம். அந்தக் கோபத்துக்கு வேறு இடம் இருக்கிறது. நேரில் ஏற்க மறுத்தால் அதே கடிதத்தைப் பொறுப்பதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, அந்தப் பிரிவின் உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். தபால் துண்டைக் கவனமாக வையுங்கள்.

ஒன்று சொல்லட்டுமா? உங்கள் கதையில் எனக்கு அதிகம் யோசனை தருவது அந்தச் சிங்கள வரி இல்லை. அக்கா அரச வைத்தியசாலைக்குப் போகாமல், பக்கத்தில் உள்ள தனியார் டொக்டரிடம் காட்டி மருந்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனதுதான். வரியைத் திருத்தலாம். வீக்கம் வற்றிவிடும். அடிபட்ட வழக்கில் பொலிஸ் தரும் படிவத்தோடு போய்ச் சட்ட மருத்துவ அதிகாரியிடம் காட்டி, அவர் எழுதும் அறிக்கைதான் காயத்துக்கு அத்தாட்சி. கொழும்பில் தேசிய வைத்தியசாலைக்குள்ளேயே பொலிஸ் காவல் நிலையம் உண்டு, வார்டில் நின்றால் அவர்களே வந்து பதிந்துவிடுவார்கள். சட்ட மருத்துவ அதிகாரி அலுவலகம் பிரான்சிஸ் வீதியில் இருக்கிறது. இப்போதும் அந்தப் படிவத்தைப் பொலிசிடம் கேட்கலாம், கேட்க வேண்டும். இரண்டு கிழமை கழிந்த பரிசோதனைக்கு அதே பலம் இருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தனியார் டொக்டரின் துண்டு, எக்ஸ்ரே, மருந்துக் கடை பில், அன்று போனில் எடுத்த வீங்கிய கையின் படம் ஆகியவற்றோடு போனால் ஒன்றும் இல்லாததைவிட எவ்வளவோ மேல். எக்ஸ்ரேயில் எலும்பு வெடிப்பு எதுவும் இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் விஷயம் வேறு. எலும்பு முறிவைத் தண்டனைச் சட்டக்கோவை கடுங்காயமாகக் கணக்கெடுக்கும், தண்டனையும் பல மடங்கு கூடும்.

வெறும் வீக்கம் என்றால் அது சாதாரண காயம். இப்படியான சிறு குற்றங்கள் பலவற்றை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவதற்கு முதல், இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி இணக்கம் காணப் பார்க்கும் மத்தியஸ்த சபைக்கு அனுப்ப வேண்டும் என்று 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. ஆகவே அங்கிருந்து கடிதம் வந்தால் பொலிஸ் தட்டிக்கழிக்கிறது என்று நினைத்துக் கிழித்துப் போட வேண்டாம். அங்கே உங்களுக்காகச் சட்டத்தரணி பேச முடியாது, தீர்ப்பும் சொல்ல மாட்டார்கள், சமாதானமாகப் போகும்படி கட்டாயப்படுத்தவும் முடியாது. ஒத்துவராவிட்டால் இணக்கம் ஏற்படவில்லை என்று சான்றிதழ் தருவார்கள், அதோடு வழக்குப் போடலாம். என்னைக் கேட்டால், ஒரே கட்டடத்தில் தொடர்ந்து இருக்கப் போகிறவர்களுக்கு அது மோசமான இடம் இல்லை. மருத்துவச் செலவைக் கொடுத்து, இனிமேல் கிட்ட வரமாட்டேன் என்று எழுதித் தருகிறார் என்றால், புதுக்கடைக்குத் தவணை தவணையாக வந்து நிற்பதைவிட அது நல்லது. ஆனால் அந்த முடிவை எடுக்க வேண்டியவர் அக்கா. அதைத்தான் அந்தக் கடைசி வரி அவரிடமிருந்து பறித்திருக்கிறது.

பொலிஸ் கடைசி வரைக்கும் அசையாவிட்டாலும் கதவு ஒன்று இருக்கிறது. சட்டத்தரணி ஒருவர் எழுதிக் கையொப்பமிட்ட முறைப்பாட்டோடு நேராக நீதவானிடம் போகலாம். தனிப்பட்ட பிராது என்போம். காசும் நேரமும் பிடிக்கும், சாட்சிகளை நீங்களே கூட்டிக்கொண்டு வர வேண்டும். அதனால் அதை முதல் வழியாகச் சொல்ல மாட்டேன். வழக்குச் சிங்களத்தில் நடந்தாலும் மொழி தெரியாத தரப்புக்கு அரச செலவில் மொழிபெயர்ப்பு உண்டு என்று அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரை சொல்கிறது. இந்த விஷயத்தில் பொலிஸ் நிலையத்தைவிடப் புதுக்கடை நீதிமன்றம் எவ்வளவோ பரவாயில்லை, மொழிபெயர்ப்பாளர் இருப்பார். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

இப்போது அந்தக் காலக்கெடு. கீழ்வீட்டுக்காரருக்கு எதிரான குற்ற வழக்குக்கு அவசரம் ஒன்றும் இல்லை. கொலை, தேசத்துரோகம் தவிர்ந்த குற்றங்களுக்குப் பொதுவாக 20 வருடம் வரை வழக்குப் போடச் சட்டம் இடம் தருகிறது. பொலிசுக்கு எதிரான உரிமை மீறல் வழக்கு அப்படி இல்லை. மொழி உரிமை மீறப்பட்டது என்று 126 ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போவதென்றால் ஒரு மாதம்தான் இருக்கிறது. உங்களுக்கு அதில் பாதி போய்விட்டது. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் இந்தக் கணக்கில் சேராது என்று 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. இங்கே ஒரு சிக்கல் உண்டு: முறைப்பாட்டைக் கையளித்தால் மட்டும் போதுமா, உண்மையில் விசாரணை நடந்துகொண்டிருந்தது என்று காட்ட வேண்டுமா என்பதில் நீதிமன்றம் வர வர இறுக்கமாகப் பார்க்கிறது. ஆகவே ஆணைக்குழுவுக்கு எழுதிவிட்டோம், இனி ஆறுதலாக இருக்கலாம் என்று நம்பி இருக்க வேண்டாம். அந்த அலுவலகம் டுப்ளிகேஷன் வீதியில், கொழும்பு 4 இல் இருக்கிறது. தமிழில் எழுதிக் கொடுக்கலாம், 1996 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

உயர் நீதிமன்றம் வரை போவது உங்களுக்குச் சரியா என்று கேட்டால், நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துப் பார்க்கையில் நான் தயங்குவேன். செலவு இருக்கிறது, காலம் இருக்கிறது, அக்காவுக்கு வேண்டியது கீழ்வீட்டுக்காரர் மீது நடவடிக்கை. மொழி விஷயத்தை இராஜகிரியவில் உள்ள அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கும், உத்தியோகத்தர் நடந்துகொண்ட விதத்தைத் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் ஒவ்வொரு கடிதமாக எழுதினால் போதும் என்பது என் அபிப்பிராயம். முறைப்பாட்டின் பேரில் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் தமிழில் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவோமா மாட்டோமா என்று முடிவு சொல்ல வேண்டும். விசாரணைக்குப் பாதகம் வரும் என்று காரணம் காட்டி மறுக்கவும் இடமுண்டு. ஆனால் அப்படிக் காரணம் எழுத வேண்டி வரும்போதே பல கோப்புகள் மேசைக்கு வந்துவிடும். அதை நான் அடிக்கடி கண்டிருக்கிறேன்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து ஒரு விஷயம். பொலிசுக்குப் போகும்போது முறைப்பாட்டைத் தமிழில் எழுதி இரண்டு பிரதியோடு போங்கள். "எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன், இதை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னால், தமிழ் எழுதத் தெரியாத உத்தியோகத்தருக்கும் அது வசதி. அப்படியும் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்துக் கேட்டால், சண்டை பிடித்துக்கொண்டு எழும்பி வர வேண்டாம், முறைப்பாடே இல்லாமல் போய்விடும். கையெழுத்துக்கு மேலே உங்கள் கையாலேயே தமிழில், "சிங்களம் வாசிக்கத் தெரியாது, தமிழில் விளங்கப்படுத்தப்படவில்லை" என்று எழுதித் திகதியும் போடுங்கள். இப்படித்தான் எழுத வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, எழுதக்கூடாது என்றும் எங்கேயும் இல்லை. நான் கட்சிக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததில் நீதிமன்றத்தில் அதிகம் உதவியது இந்த ஒரு வரிதான். சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போவதும் நல்லது. அப்புறம், தள்ளியதை அடித்தார் என்றும், ஒரு அடியைப் பத்து அடி என்றும் கூட்டி எழுதாதீர்கள். ஒருவருக்குப் பாதகம் வரவேண்டும் என்று அரச ஊழியரிடம் தெரிந்தே பொய்த் தகவல் கொடுப்பது தண்டனைச் சட்டக்கோவையின் 180 ஆம் பிரிவில் குற்றம்.

அடுத்த முறை தனியாகப் போக அக்காவுக்குப் பயமாக இருந்தால் சட்டத்தரணி ஒருவர் கூடவே போகலாம். கட்சிக்காரருக்காகப் பொலிஸ் நிலையத்தில் சட்டத்தரணி தோன்றுவதற்கு 2012 இல் பொலிஸ் மா அதிபர் வெளியிட்ட விதிகளே இருக்கின்றன. சட்டத்தரணிக்குக் காசு இல்லை என்றால் புதுக்கடை மேல் நீதிமன்றக் கட்டடத்தில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். வழக்குப் பேசுவதற்கு வருமானத்தைப் பார்ப்பார்கள். போகும்போது பொலிஸ் பிரதி, டொக்டர் துண்டு, எக்ஸ்ரே, அடையாள அட்டை, அக்கா தன் கையால் தமிழில் எழுதிய அந்த ஒரு பக்கம் ஆகியவற்றைக் கொண்டு போகட்டும். சம்பவம் நடந்த திகதியைக் கடிதத்தின் மேலேயே பெரிதாக எழுதிவிடுங்கள். ஒரு மாதக் கணக்கை அவர்களும் முதலில் அங்கேதான் பார்ப்பார்கள்.